ரேடார் லெவல் டிரான்ஸ்மிட்டர்: ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தைத் திறக்கும் முன்

நம் சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று தம்பிமார் என்னைத் தேடி வந்தபோது நான் வட்டக்கோட்டை மதில்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் எனக்கு அங்கேதான் ஜோலி.

“சார், கவிதை மட்டும் வேண்டாம். இப்பவே பதினாலு வந்துட்டு. பாடம் ஒண்ணு எழுதித் தாங்க” என்றான் ஒருவன்.

அவர்களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் மூன்றாமாண்டு படிக்கிற தம்பி முகம் வாடி நின்றான். முந்தின வாரம் தூத்துக்குடியில் ஒரு இன்டர்வியூவாம். “ரேடார் லெவல் டிரான்ஸ்மிட்டரில் எக்கோ லாஸ் ஆனா என்ன காட்டும்?” என்று கேட்டிருக்கிறார்கள். இவன், “ஜீரோ காட்டும் சார்” என்றானாம். “சரி தம்பி, லெட்டர் போடுறோம்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த லெட்டர் வராது என்பது அவனுக்கும் தெரியும்.

சரியான விடை என்ன? “நான் எதை செட் பண்ணி வச்சிருக்கேனோ, அதைக் காட்டும்.” அவ்வளவுதான். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரிக்கு விளக்கம்தான் நண்பர்களே! கருவி தானாக எதையும் அறியாது. தொட்டியைப் பற்றி நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோமோ அதை வைத்துத்தான் அது பேசும். நாம் தப்பாகச் சொன்னால் அதுவும் தப்பாகவே சொல்லும், அதுவும் மிகத் துல்லியமாக, மில்லிமீட்டர் கணக்கில்!

மட்டம் பார்ப்பது நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் புதிய சங்கதி இல்லை. மழைக்காலம் வந்துவிட்டால் பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி என்று பேப்பரில் பார்க்காமல் காப்பி குடிக்காத பாட்டாமார் நம் ஊரில் உண்டு. 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணைக்கு 48 அடி முழுக் கொள்ளளவு என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் மனப்பாடம். அணையில் கல்லில் வெட்டிய அளவுகோலைக் கண்ணால் பார்க்கலாம். மூடிய டீசல் தொட்டிக்குள் எப்படிப் பார்ப்பது? நான் படித்த காலத்தில் மிதவை, டி.பி. டிரான்ஸ்மிட்டர், கெபாசிடன்ஸ் என்று மூன்று பாடம் நடத்தினார்கள். ரேடாருக்கு ஒரே ஒரு பத்தி. பரீட்சைக்கும் வராது. இன்றைக்குப் புதிதாகப் போடுகிற தொட்டிகளில் பாதிக்கு மேல் நான் பார்ப்பது ரேடார்தான்.

தத்துவம் எளிது. தொட்டியின் உச்சியில் இருந்து மைக்ரோ அலையைக் கீழே அனுப்புகிறோம். அது திரவத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறோம். தொட்டியின் உயரத்தில் இருந்து அந்தத் தூரத்தைக் கழித்தால் மட்டம். 10 மீட்டர் போய்த் திரும்ப ஆகும் நேரம் சுமார் 67 நானோ விநாடி. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஏழு பிகோ விநாடிக்கும் குறைவு. இத்தனை நுட்பத்தைச் செய்துவிட்ட கருவியை நாம் இரண்டு எண்ணைத் தப்பாகத் தட்டி முட்டாளாக்கிவிட முடியும்.

முதல் எண் தொட்டி உயரம். இதைக் கம்பெனி வரைபடத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஃபிளாஞ்சின் எந்த முகத்தில் இருந்து, எந்த அடித்தட்டு வரை என்று கருவியின் கையேடு சொல்கிற இடத்தில் இருந்து, டேப்பை விட்டு அளந்து எழுதுங்கள். வெல்டிங் செய்தவர் நாசிலை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைத்திருப்பார். அது வரைபடத்துக்குத் தெரியாது. தொட்டியின் அடியில் சகதி இருந்தால் டேப்பின் குண்டு அதன்மேல்தான் உட்காரும். அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து எங்கே பொருத்துவது. அமைப்புப் பக்கத்தால் சரிசெய்ய முடியாத தவறு இது ஒன்றுதான். கதிர் விரிந்துகொண்டே போகும். 10 டிகிரி விரிகிற ஆன்டெனாவுக்கு 10 மீட்டர் ஆழத்தில் வட்டத்தின் அகலம் 1.75 மீட்டர். 80 கிகாஹெர்ட்ஸ் கருவியில் 4 டிகிரி என்றால் வெறும் 70 சென்டிமீட்டர். அந்த வட்டத்துக்குள் ஏணி, ஹீட்டர் குழாய், திரவம் விழுகிற இன்லெட் எதுவும் வரக்கூடாது. மட்டக் குழாய்க்குள், அதாவது ஸ்டில் பைப்புக்குள், பொருத்தினால் அந்தக் குழாயின் உள்விட்டத்தைச் சரியாகப் பதியவேண்டும். குழாய்க்குள் அலையின் வேகம் விட்டத்தைப் பொறுத்து மாறும். வெளிவிட்டத்தை எழுதிவிட்டு, “சார், மேலே சரியா இருக்கு, கீழே போகப் போக வித்தியாசம் கூடுது” என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி திரவத்தின் குணம். ‘டைஎலக்ட்ரிக்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். தண்ணீருக்கு அது சுமார் 80. டீசலுக்கு 2-க்குச் சற்று மேல். இந்த வித்தியாசத்தின் பொருள் என்ன தெரியுமா? தண்ணீர்ப் பரப்பில் பட்ட அலையின் சக்தியில் ஏறக்குறைய 64 விழுக்காடு திரும்பி வரும். டீசலில் 3 விழுக்காடுதான் திரும்பும். மிச்சமெல்லாம் உள்ளே போய்விடும். ரப்பர் பாலில் தண்ணீர் அதிகம் என்பதால் அது நல்ல எதிரொலி தரும். ஆனால் மேலே நுரை கட்டினால் கதை வேறு. காய்ந்த நுரையை அலை துளைத்துப் போய்விடும். ஈர நுரை அலையைக் குடித்துவிடும்.

உள்ளே போன அந்த மிச்ச அலை எங்கே போகிறது? தொட்டியின் அடித்தட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. இங்கேதான் ஒரு வேடிக்கை. வட்டக்கோட்டைக்குள் இருக்கிற குளத்தைக் காட்டித்தான் தம்பிமாருக்கு இதை விளக்கினேன். தெளிந்த தண்ணீரில் குளத்தின் அடி மேலே எழும்பினாற்போலத் தெரியும். இறங்கினால் கழுத்தளவு இருக்கும். ஒளி நீரில் வளைவதால் கண் ஏமாறுகிறது. ரேடார் ஏமாறுவது இதற்கு நேர் எதிர்ப்பக்கமாக. திரவத்துக்குள் அலை மெதுவாகப் போவதால் அது திரும்பத் தாமதமாகும். தாமதத்தைத் தூரம் என்றே கருவி எண்ணும். ஆகவே அடித்தட்டு, இருக்கிற இடத்தைவிடக் கீழே இருப்பதாகத் தெரியும். எவ்வளவு கீழே? திரவ உயரத்தை டைஎலக்ட்ரிக்கின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். டீசலுக்கு √2.1, அதாவது சுமார் 1.45. அரை மீட்டர் டீசல் கிடந்தால், அடித்தட்டு நிஜ இடத்தைவிடச் சுமார் 22 சென்டிமீட்டர் கீழே தெரியும்.

“அப்போ தொட்டியே பூமிக்குள்ள போயிரும் போலயே சார்!” என்றான் ஒருவன். ஆம்! ஆனால் இந்தப் பிழையே நமக்கு உதவும். மேற்பரப்பின் எதிரொலி மங்கிப்போகிற தாழ்ந்த மட்டத்தில், அடித்தட்டு எவ்வளவு கீழே தள்ளித் தெரிகிறது என்பதை வைத்தே திரவம் எவ்வளவு என்று கணக்கிடலாம். அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘டேங்க் பாட்டம் புரொஜெக்‌ஷன்’ என்பது இதுதான். டைஎலக்ட்ரிக் எண்ணைச் சரியாகக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். தட்டையான அடித்தளமும் வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் இதை ஆன் செய்து பயனில்லை. தண்ணீரை ஊடுருவி அடித்தட்டு தெரியாது.

மதிலும் எதிரியும்

இனி மிக முக்கியமான பகுதி. எக்கோ கர்வ் என்ற படத்தில் தூரம் படுக்கைக் கோடு, எதிரொலியின் பலம் நிற்கும் கோடு. மேற்பரப்பு ஒரு சிகரமாகத் தெரியும். ஏணிப்படி, குழாய், வெல்டிங் விளிம்பு எல்லாம் சின்னச் சின்னச் சிகரங்கள். இவற்றின் குறுக்கே ஒரு த்ரெஷோல்டு கோடு ஓடும். கோட்டுக்கு மேல் தலை நீட்டுவதை மட்டுமே கருவி கணக்கில் எடுக்கும்.

இதைக் கோட்டை மதில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி இந்த வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினார். எந்தப் பக்கம் எதிரி வருவான் என்று பார்த்து அங்கே மதிலை உயர்த்துவதுதானே கோட்டைக்காரன் வேலை! நம் வேலையும் அதுதான். பொய் எதிரொலி இருக்கும் இடத்தில் மட்டும் மதிலை அதன் தலைக்குச் சற்று மேல் உயர்த்தவேண்டும். எல்லா இடத்திலும் உயர்த்தினால் நம் ஆளே உள்ளே வரமுடியாது. டீசல் போல 3 விழுக்காடு எதிரொலி தருகிற திரவத்தில், நம் ஆள் ரொம்பக் குள்ளம் வேறு.

மதிலைத் தானாகக் கட்டித்தர ‘ஃபால்ஸ் எக்கோ ஸ்கேன்’ என்று ஒரு வசதி உண்டு. இதில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். வெட்கம்தான், என்றாலும் உங்களுக்குப் பயன்படும்.

வேலையில் சேர்ந்த புதிது. ஒரு எண்ணெய்க் கிட்டங்கி. ஊரும் பேரும் வேண்டாம். 10 மீட்டர் உயரம், 14 மீட்டர் விட்டம் உள்ள டீசல் தொட்டி. உள்ளே 6.20 மீட்டர் டீசல் கிடந்தது. காலி செய்ய அனுமதி இல்லை. மேலே ஒரு குழாயின் பொய் எதிரொலி தொந்தரவு செய்தது. ஸ்கேன் பொத்தானைத் தட்டினேன். “திரவம் வரை தூரம் எவ்வளவு?” என்று கேட்டது. தூரம்! மேலிருந்து மேற்பரப்பு வரை 3.80. நான் மட்டத்தை எழுதினேன்: 6.20. கருவி என்ன செய்யும்? மேலிருந்து 6.20 மீட்டர் வரைக்கும் தெரிந்த சிகரங்களை எல்லாம் பொய் என்று பதிவு செய்துகொண்டது. அதில் 3.80-இல் இருந்த நிஜ டீசல் பரப்பும் ஒன்று. அதன் தலைக்கு மேல் மதில் எழும்பிவிட்டது.

உடனே திரை அலறியிருக்கவேண்டும் அல்லவா? அலறவில்லை. ஏனென்றால் அன்று காலையில்தான், எண் அடிக்கடி துள்ளுகிறதே என்று, ‘எக்கோ இழந்தால் கடைசி மதிப்பைப் பிடித்துவை’ என்ற ஹோல்டு அமைப்பைப் போட்டிருந்தேன். எதிரொலி போய்விட்டது. எண் 6.20-இல் அப்படியே நின்றது. அசையாமல் அழகாக நின்றதைப் பார்த்து, “தொந்தரவு தீர்ந்துது” என்று சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

அன்று ராத்திரி மணிக்கு 100 கிலோலிட்டர் வீதம் டீசல் இறக்க ஆரம்பித்தார்கள். கணக்குப் போடுங்கள்: அந்தத் தொட்டியில் அது மணிக்கு 65 சென்டிமீட்டர். இருபது நிமிஷம் ஓடியது. திரையில் 6.20. டிப் எடுக்கிற அண்ணாச்சி ஒருவர் உண்டு. எட்டாம் வகுப்பு. அவர் வந்து கேட்டார்:

“தம்பி, பம்பு ஓடுது, குழாய்ல கை வச்சா அதிருது. ஒம்ம நம்பர் மட்டும் ஏன் உறங்குது?”

நான், “டாம்பிங் கூடுதலா இருக்கும் அண்ணாச்சி” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். டேப்பை விட்டார். மேலிருந்தே சத்தம் கொடுத்தார்: “ஆறு மீட்டர் நாப்பத்தொண்ணு!” எனக்கு வேர்த்துவிட்டது. பம்பை நிறுத்தச் சொன்னோம்.

இன்னும் சில நிமிஷம் போயிருந்தால் டீசல் அந்த மதிலைத் தாண்டி மேலே வந்து, எண் தானாகத் துள்ளிச் சரியாகியிருக்கும். பிறகு நினைத்துப் பார்க்கையில் எனக்கு அதுதான் அதிக பயம். தானாகச் சரியாகிவிடுகிற பிழையை யாரும் தேடமாட்டார்கள். வேறொரு நாள் அதே இடத்தில் மறுபடி உறங்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிட்டங்கியில் 2005 டிசம்பர் 10 மாலை 912-ஆம் எண் தொட்டியில் மணிக்குச் சுமார் 550 கனமீட்டர் வீதம் பெட்ரோல் ஏற ஆரம்பித்தது. 11-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு, தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த நிலையில், மட்டம் காட்டும் எண் நின்றுவிட்டது. பெட்ரோல் நிற்கவில்லை. ஐந்தரை மணிக்குச் சற்றுப் பிறகு உச்சியில் வழிய ஆரம்பித்தது. 6 மணி 1 நிமிடத்துக்கு வெடித்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியல் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே இருந்தது ரேடார் அல்ல, சர்வோ வகை அளவி. ஆனால் விசாரணையில் தெரிந்ததைக் கேளுங்கள்: அந்த அளவி ஆகஸ்ட் 31-இல் இருந்து அன்றுவரை 14 தடவை இப்படி நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எப்படியோ சரியானது, வேலை தொடர்ந்தது. தனியாக இருந்த ஹை லெவல் சுவிட்சும் கைகொடுக்கவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு மாட்டவேண்டும். அந்தப் பூட்டு மாட்டப்படவில்லை. ஒரு பூட்டு!

அதே ஆண்டு மார்ச் 23-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இன்னும் கொடுமை. 15 பேர் இறந்தார்கள். 170 அடிக் கோபுரத்தில் திரவம் 158 அடிக்கு ஏறிக்கொண்டிருக்க, லெவல் டிரான்ஸ்மிட்டர் மட்டம் மெல்லக் குறைந்துவருவதாகக் காட்டியது. அது டிஸ்பிளேசர் வகை. அதற்குக் கொடுத்திருந்த திரவ அடர்த்தி எண் தவறு. கருவி கெடவில்லை, அதற்குச் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு. நாம் டைஎலக்ட்ரிக் கட்டத்தைக் கவனிக்காமல் விடுகிறோமே, அதை இதனுடன் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இன்னும் சில

கூரை குவிந்த தொட்டியில் நடு உச்சியில் ஆன்டெனாவை வைத்தால், அலை பரப்பில் பட்டு, கூரையில் பட்டு, மறுபடி பரப்பில் பட்டுத் திரும்பும். இந்த இரட்டை எதிரொலி இருமடங்கு தூரத்தில் தெரியும். கருவி ஏமாந்து இதைப் பிடித்தால்? 10 மீட்டர் தொட்டியில் நிஜ மட்டம் 8 மீட்டர் என்றால் தூரம் 2. இரட்டை எதிரொலி 4-இல். மட்டம் 6 என்று காட்டும். நிறைந்த தொட்டியைக் குறைவாகக் காட்டுகிற பொய் இது, எல்லாப் பொய்யிலும் மோசமானது. ‘டபுள் பவுன்ஸ்’ அமைப்பை ஆன் செய்தால் கருவி முதல் சிகரத்துக்கு முன்னுரிமை தரும். ஆன்டெனாவை மையத்தில் இருந்து விலக்கி வைப்பது அதைவிட நல்லது.

டாம்பிங் பற்றி அண்ணாச்சியிடம் நான் சொன்னது பொய் என்று எப்படித் தெரியும்? மட்டம் ஒரே சீராக ஏறும்போது, ஏறும் வேகத்தை டாம்பிங் விநாடியால் பெருக்கினால் காட்சி எவ்வளவு பின்தங்கும் என்று வரும். மணிக்கு 65 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 0.18 மில்லிமீட்டர். 30 விநாடி டாம்பிங்குக்கு ஐந்தரை மில்லிமீட்டர்கூட வராது. 21 சென்டிமீட்டர் எங்கே, இது எங்கே! ஆனால் ஒரு சின்ன பாத்திரத்தில் விநாடிக்கு 2 சென்டிமீட்டர் ஏறினால், அதே 30 விநாடிக்கு 60 சென்டிமீட்டர் பின்தங்கும். தொட்டியைப் பார்த்துப் போடவேண்டிய எண் இது.

கன அளவு வேண்டுமென்றால் தொட்டியின் வடிவத்தையும் சொல்லவேண்டும். படுத்த உருளைத் தொட்டியில் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், கொள்ளளவில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கும். பெட்ரோல் பங்கில் காலிபரேஷன் சார்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மறுவாரம் அந்தத் தொட்டியைக் காலி செய்ய அனுமதி வாங்கினோம். பழைய பதிவை அழித்து, காலித் தொட்டியில் புதிதாக ஸ்கேன் எடுத்தேன். ஹோல்டை நீக்கி, எதிரொலி போனால் மின்னோட்டம் 21 மில்லி ஆம்பியருக்கு மேல் எகிறும்படி வைத்தேன். நிரம்பி வழிவதுதானே அங்கே ஆபத்து! காற்றில் ஓடினால் கெடுகிற பம்புக்குப் பின்னால் அந்தத் தொட்டி இருந்திருந்தால் 3.6-க்குக் கீழே இறங்கும்படி வைத்திருப்பேன். பிறகு அண்ணாச்சி டேப்போடு மேலே நிற்க, மூன்று மட்டங்களில் டிப்பும் திரையும் ஒத்துவருகிறதா என்று பார்த்தோம். எக்கோ கர்வை அச்செடுத்து, தேதி போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கடைசியாகத்தான் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன்.

இருட்டத் தொடங்கியதும் மதிலில் இருந்து இறங்கினோம். இன்டர்வியூ தம்பி விடவில்லை. “அப்போ சார், ஹோல்டு இவ்வளவு ஆபத்துன்னா கம்பெனிக்காரன் அதை எதுக்கு வச்சிருக்கான்?”

நல்ல கேள்வி. கலக்கி ஓடுகிற பாத்திரத்தில் இறக்கை கதிரின் குறுக்கே வரும்போதெல்லாம் எதிரொலி ஒரு கணம் மறையும். ஒவ்வொரு தடவையும் அலாரம் அடித்தால் ஆபரேட்டர் அலாரத்தையே நிறுத்திவிடுவார். அங்கே சில விநாடிகளுக்குப் பழைய மதிப்பைப் பிடித்துவைப்பது நியாயம். அதற்கு மேல் எதிரொலி வரவில்லை என்றால் அலாரம் போகவேண்டும். எத்தனை விநாடி என்பதை, கலக்கி ஒரு சுற்று சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, அந்தப் பாத்திரம் எவ்வளவு வேகத்தில் நிறைகிறது என்ற இரண்டையும் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு எழுதவேண்டும். “பார்த்துட்டு எழுதுறேன் சார்” என்றான் தம்பி. அடுத்த இன்டர்வியூ பங்குனியில் இருக்காம்.